கல்லின் மேல் உள்ளதும் கல்லில் உள்ளதும்

ஒரு செய்தியின் நிலைபேற்றை எடுத்துரைக்க விரும்பும்போது நம்மவர் கல்வெட்டையே உவமை கூறுவர். ஓலை செல்லரிக்கும், செம்பு உருக்கப்படும், கல்லோ என்றும் நிற்கும் என்பது நம் முன்னோர் துணிபு. அத்துணிபு பெரும்பாலும் மெய்யேயாயினும், கல்வெட்டாராய்ச்சியாளர் அதனோடு வேறொன்றையும் சேர்த்தே சொல்லுவர். ஆறு நூற்றாண்டு மழையும் வெயிலும் செய்யாத கேட்டை, நல்லெண்ணத்தோடு கல்லைத் துப்புரவு செய்யப் புகுந்த கை சில வேளைகளில் ஒரே பகலிற் செய்து முடித்துவிடுகின்றது. கற்பலகைகளின் மேற்பரப்பிலுள்ள மாசுகளை நீக்கும் தொழில் நம் நாட்டிலும் அயல் நாடுகளிலும் எவ்வாறு நடந்து வந்தது, அது எந்த இடத்தில் வரலாற்றுக்குத் துணையாயிற்று, எந்த இடத்திற் பகையாயிற்று என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் எம் பகுதியின் கற்களைப் பற்றிக் கூறவேண்டும். வத்தேகம, கண்டி நகருக்கு வடகிழக்கே, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த சிற்றூர். இப்பகுதியில் நிலத்தைச் சிறிது தோண்டினாலும் பாறை தலைகாட்டும். அப்பாறைகள் பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. கறுப்பும் வெண்மையும் மாறிமாறிப் பட்டைபட்டையாக ஓடும் கல்லைத்தான் நாம் பொதுவிற் கருங்கல் என்கின்றோம். கோயிற் படி, வீட்டு வாயிற்கல், அம்மி, ஆட்டுக்கல் ஆகியன இதிலேயே செய்யப்படுகின்றன. இதற்கு அயலிலேயே திகன, மாத்தளைப் பக்கங்களில் வேறோர் இனக் கல்லும் கிடைக்கின்றது. அது சுண்ணச்சத்துடைய வெண்ணிறக் கல், பளிங்கினத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கு இரண்டும் கல்லே. ஆனால் அவற்றின் இயல்பு வேறு. ஒன்றைத் தூய்மை செய்யும் முறை மற்றொன்றை அழிக்கும் முறையாகிவிடலாம். இவ்வேற்றுமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

கல்லின் குற்றங்களை நீக்கும் வேலை மலையிலேயே தொடங்கிவிடுகின்றது. சிற்ப நூல்கள் கல்லை ஆண், பெண், அலி என மூவகையாகப் பகுத்து, உளியால் தட்டும்போது எழும் ஒலியைக் கொண்டு அவற்றை இனங்காணுமாறு கூறுகின்றன. கீற்று, புள்ளி, புரை முதலிய குற்றமுடைய கல்லை விலக்குமாறும் அவை விதிக்கின்றன. கல்லுக்குள் தேரை என்று நாம் வழக்கிற் சொல்லும் சொற்றொடரும் உள்ளே புரையுள்ள கல்லைப் பற்றிய பழைய அச்சத்தையே நினைவூட்டுகின்றது. ஆகவே மிகப் பெரிய குற்றங்களைப் பழைய தச்சர் நீக்க முயலவில்லை. குற்றமுள்ள கல்லையே நீக்கிவிட்டனர்.

தேர்ந்தெடுத்த கல்லைப் பலகையாக்கும் வேலை அடுத்து வரும். பாறையில் வரிசையாகச் சிறு குழிகள் இட்டு, ஆப்புகளை இறுக்கி, ஓட்டம் பார்த்துப் பிளப்பர். பிளந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கூர் உளியாற் பெருமேடுகளைக் கொத்தி, பின்னர் தட்டையுளியால் முகத்தைச் சமன் செய்து, இறுதியாக மணலும் நீரும் இட்டு மற்றொரு கல்லால் தேய்ப்பர். தேய்க்கத் தேய்க்க உளித்தழும்புகள் மறைந்து முகம் வழுவழுப்பாகும். இவ்வேலையில் நீக்கப்படுவது கல்லேதான். ஆனால் அந்நிலையில் அக்கல் இன்னும் எதையும் பேசத் தொடங்கவில்லை. அதன் மேல் எழுத்து இல்லை, உருவமில்லை, ஆண்டுகளின் சுவடு இல்லை. எனவே அதனைத் தேய்ப்பதால் யாருக்கும் இழப்பில்லை.

வழுவழுப்பு எல்லாவிடத்தும் சிறப்பன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். அம்மி தேய்ந்து வழுவழுப்பானால் மிளகாய் அரைபடாது. அப்போது அம்மி கொத்துபவரை அழைத்து அதன் முகத்தைச் சொரசொரப்பாகக் கொத்துவிப்பது நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். வாயிற்படிக்கு அழகு தருவது அம்மிக்குக் குறையாகின்றது. ஆகவே மாசு என்பது கல்லின் தனி இயல்பன்று. அக்கல்லால் நாம் கொள்ளும் பயனையொட்டி வைக்கப்படும் பெயர் அது.

செம்மையாக்கிய பலகைக்கு நம் நாட்டிலுள்ள மிகப் பெரிய சான்றுகளுள் ஒன்று பொலன்னறுவையிலுள்ள கல்பொத்த என்னும் கல்நூலாகும். 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் அதனைப் பொறிப்பித்தான். ஏறத்தாழ இருபத்தேழு அடி நீளமுள்ள அப்பெருங்கல் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டதென்று அதன் எழுத்துக்களே சொல்லுகின்றன. அதே பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினர் புனித தந்தத்தின் ஆலயத்தைக் காப்பதாக உறுதி கூறிப் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் நிற்கின்றது. உளியாலும் மணலாலும் செம்மை செய்யப்பட்ட முகம் இல்லையேல் இவ்வெழுத்துக்கள் இத்துணைத் தெளிவாக அமைந்திரா. தச்சர் நீக்கிய மாசு வரலாற்றுக்கு இடங்கொடுத்தது.

இனிக் கண்டிப் பகுதிக்குத் திரும்புவோம். கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரையில், ஒன்றுக்கொன்று அண்மையில், கடலாதெனிய, லங்காதிலக என்னும் இரு விகாரைகள் உள்ளன. இரண்டும் கம்பளையிலிருந்து நாலாம் புவனேகபாகு ஆண்ட காலத்தில், 1344ஆம் ஆண்டையொட்டி எழுந்தவை. கடலாதெனிய பெரிதும் கல்லாலான கட்டடம். அதனை அமைத்த தலைமைத் தச்சன் தென்னாட்டிலிருந்து வந்த கணேசுவராசாரி. அதன் தூண்களிலும் அடித்தளத்திலும் தென்னிந்தியக் கோயிற் கலையின் கைவண்ணம் வெளிப்படையாகத் தெரிகின்றது. லங்காதிலகத்திலோ, பாறையின் மேல் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் வெட்டப்பட்டிருக்கின்றது. சகம் 1266 என்னும் ஆண்டைக் கொண்ட அது, சேனாலங்காதிகாரன் என்னும் அமைச்சன் எடுப்பித்த அவ்விகாரைக்கு அளிக்கப்பட்ட கொடைகளைப் பதிவு செய்கின்றது.

நேயர்களே, இத்தமிழ்க் கல்வெட்டின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மலைநாட்டின் நடுவே, சிங்கள மன்னன் ஒருவன் காலத்தில், பௌத்த விகாரை ஒன்றின் உரிமைகளைத் தமிழிலும் எழுதி வைக்கவேண்டிய தேவை இருந்தது. அவ்வாறாயின் அதனைப் படிக்கக்கூடியோரும் அதனால் கட்டுப்படவேண்டியோரும் இங்கு இருந்தனர் என்பது பெறப்படும். அரசாங்கப் பத்திரங்களோ நூல்களோ இதனை இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டா. பாறையின் தோலில், விரலின் கனத்திலும் குறைந்த ஆழத்தில் வெட்டப்பட்ட கோடுகளே இதற்குச் சான்று. அந்த மெல்லிய தோல் போயின் சான்றும் போய்விடும்.

அத்தகைய கல்லின் மீது காலம் பலவகைப் படைகளை ஏற்றுகின்றது. மலைநாட்டின் ஈரத்தில் முதலில் வருவது பாசி. அதன்பின் வட்டம் வட்டமாக, சாம்பல் நிறத்திலும் வெண்மையிலும் இலைக்கன் படரும். மழைநீர் வழிந்த தடத்திற் கருமை ஏறும். கல்லுக்குள் இருக்கும் இரும்புச்சத்து ஈரம்பட்டுத் துருவாகிச் செம்மஞ்சட் கறையாக வெளிப்படும். இவை இயற்கையின் வேலை. மனிதர் ஏற்றுவன வேறு. திருவிழாத்தோறும் பூசிய சுண்ணாம்பு, அதன் மேற் பூசிய நிறமை, விளக்குப்புகை, எண்ணெய்ப் பிசுக்கு, சீமெந்துச் சிதறல் என்பன அவை. இவற்றுள் சில எழுத்தை மறைக்கும். சில கல்லையே அரிக்கும். சில கண்ணுக்கு அழகின்றித் தோன்றினும் யாதொரு தீங்கும் செய்யா. மூலத்தானத்துத் திருமேனியின் கருமை தலைமுறை தலைமுறையாகச் சாத்திய எண்ணெய்க்காப்பினால் வந்தது. அதனை மாசென்று கழுவத் துணிபவர் எவருமிலர்.

மேலே படிந்தது கேடாகத் தோன்றினும் உள்ளிருப்பது காக்கப்படலாம் என்பதற்குக் காலி நகரிற் கிடைத்த மும்மொழிக் கல் சிறந்த எடுத்துக்காட்டு. 1911ஆம் ஆண்டில் தொமலின் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டபோது, அது ஒரு வடிகாலுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. எழுத்துள்ள முகம் கீழ்நோக்கி இருந்தது. எடுத்து நிமிர்த்திப் பார்த்தபோது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளின் எழுத்தும் அதிற் காணப்பட்டன. சீனப் பேரரசன் யொங்லோவின் காலத்தில், செங் கோவின் கடற்பயணத்தோடு 1409ஆம் ஆண்டிட்டு இங்குக் கொண்டுவரப்பட்ட கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபுக்கும் உரிய காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன் 1000, வெள்ளி 5000 என்று காணிக்கைப் பட்டியல் தொடங்குகின்றது. தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான 1933ஆம் ஆண்டிற் பதிப்பித்தார்.

இக்கல்லிலும் பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துவிட்டது. அங்கு எழுத்திழந்த இடங்களை எந்த அறிவியலும் மீட்டுத் தர இயலவில்லை. ஆனால் வடிகாலின் அழுக்கு ஒருபுறமிருக்க, எஞ்சிய எழுத்துக்கள் படிக்கத்தக்கனவாகவே கிடைத்தன. அழுக்குப் படிந்த எழுத்தை என்றேனும் படிக்கலாம். தேய்ந்த எழுத்தை என்றும் படிக்க இயலாது. இக்கல் இப்பொழுது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது.

இவ்வுண்மையைக் கற்றுணர்ந்தோரும் மறந்ததுண்டு. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் ஏதென்சு நகரத்துப் பார்த்தினன் கோயிலின் பளிங்குச் சிற்பங்கள் உள்ளன. 1937, 1938ஆம் ஆண்டுகளில் அவற்றைப் புதிய மண்டபம் ஒன்றில் வைக்க ஆயத்தங்கள் நடந்தன. மண்டபத்துக்குப் பொருளுதவி செய்த டுவீன் பிரபு பளிங்கென்றால் வெண்மையாக இருத்தல் வேண்டுமென்று விரும்பினார். சிற்பங்களின் மேலிருந்த தேனிறத்தை அழுக்கென்று கருதி, வேலையாட்கள் செப்புக் கருவிகளாலும் காபோரண்டம் என்னும் கடிய தேய்ப்புப் பொருளாலும் சுரண்டினர். நூதனசாலை அதிகாரிகள் அறிந்து 1938இல் நிறுத்துவதற்குள், இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மேற்பரப்பு பல இடங்களிற் போய்விட்டது. 1999ஆம் ஆண்டில் அந்நூதனசாலையே மாநாடு கூட்டி அச்செயலை வெளிப்படையாக ஆராய்ந்தது. அறுபது ஆண்டு கழித்துப் பேசுவதற்கு இடமிருந்தது. பழைய முகத்தை மீட்பதற்கு வழியிருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இத்தகையதொரு சோதனை வந்தது. கோயிற் கற்சுவர்களில் அடுக்கடுக்காக ஏறிய சுண்ணாம்பையும் நிறமையையும் குடமுழுக்குக்கு முன் விரைவில் அகற்றும்பொருட்டு, அழுத்தக் காற்றோடு மணலை வீசியடிக்கும் முறையைப் பல கோயில்களிற் கையாண்டனர். சில நாளிற் சுவர் புதிதுபோல விளங்கியது. ஆனால் அம்மணல் சுண்ணாம்புக்கும் கல்லுக்கும் வேற்றுமை அறியாது. கல்வெட்டின் விளிம்புகள் மழுங்கின. சிற்பங்களின் நுண்வேலை கெட்டது. காவலான மேற்றோலை இழந்த கல் முன்னினும் விரைவாக நீரைக் குடித்தது. கல்வெட்டறிஞரும் கோயிற்கலை ஆர்வலரும் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர்.

இதனோடு நம் முன்னோர் நடந்துகொண்ட முறையை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். பழைய கோயிலைப் பிரித்துப் புதுக்க நேர்ந்தபோது, அதன் சுவரிலிருந்த எழுத்துக்களை முன்னரே படியெடுத்து வைத்து, புதிய சுவரில் மீண்டும் பொறிக்கும் வழக்கம் சோழர் கால முதலாக இருந்தது. அவ்வாறு பெயர்த்தெழுதியதை மறைக்காமல், இது பழங்கல்லின் படி என்று குறிப்பும் சேர்த்தனர். அவர்களுக்குச் சுவரின் புதுமையும் வேண்டியிருந்தது. ஊரின் உரிமையும் வேண்டியிருந்தது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அவ்வாறாயின் கல்லைத் தூய்மை செய்யவே கூடாதா என்று நேயர்கள் வினவலாம். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கல்லின் மேல் உள்ளதை நீக்கவேண்டுமேயன்றிக் கல்லில் உள்ளதை நீக்கலாகாது. தொல்பொருட் காப்பாளர் கைக்கொள்ளும் முறைகளெல்லாம் இவ்வொரு விதியின் விரிவே. முதலில் தூய நீரும் மென்மையான தூரிகையும். பாசியும் இலைக்கனும் உலர்ந்திருக்கும்போது அவற்றைச் சுரண்டினால், வேரோடியிருக்கும் நுண்ணிழைகள் கல்லின் மணிகளையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஆகவே அவற்றை நீரால் நன்கு ஊறவைத்து, மரத்தாலோ மூங்கிலாலோ ஆன தகட்டால் மெல்ல ஒதுக்குவர். நீர்த்த அமோனியாக் கரைசலையும் அளவோடு கையாண்டு, பின்னர் நல்ல நீரால் கழுவிவிடுவர். கம்பித் தூரிகை ஆகாது. அதன் இரும்புத் துணுக்குகள் கல்லிற் பதிந்து பின்னர் துருக்கறையாகும்.

எண்ணெய்க்கறைக்கு வேறு வழி. களிமண்ணையோ கடதாசிக் கூழையோ தக்க கரைப்பானில் நனைத்துக் கறையின் மேல் தடிப்பாக அப்பி, மூடி, மெல்ல உலரவிடுவர். உலரும்போது கல்லின் நுண்துளைகளில் இறங்கிய எண்ணெய் அப்பூச்சுக்குள் ஏறிவிடும். ஒருமுறை போதாதெனின் மறுமுறையும் செய்வர். உப்புப் பூத்த கல்லுக்கும் வடித்த நீரில் நனைத்த இத்தகைய பூச்சு பயன்படும். சுண்ணாம்புப் படையை, எழுத்துக்கு மேலுள்ள அடுக்கு வரையில், பொறுமையோடு சிறிது சிறிதாகத் தட்டி உதிர்ப்பர்.

மிகவும் அஞ்சத்தக்கது அமிலம். குளியலறையைக் கழுவ விற்கப்படும் அமிலத்தைக் கோயிற் படியில் ஊற்றுவது எளிது. திகனப் பக்கத்து வெண்கல்லாயின் அதன் முகம் கரைந்து மினுக்கம் போய்விடும். தேசிக்காய்ச் சாறு கூட அதற்குப் பகையே. கருங்கல் கரையாதெனினும், அதிலுள்ள இரும்புச்சத்தை அமிலம் கிளறிவிடுவதால், நீக்க முயன்ற கறையினும் பெரிய மஞ்சட்கறை பின்னர் தோன்றும். இக்காலத்தில் எளிதிற் கிடைக்கும் மின்சாரத் தேய்ப்புத்தட்டோ நிமிடக் கணக்கில் நூற்றாண்டுகளை அழிக்க வல்லது. புதிதாக வெட்டிய தரைக்கல்லுக்கு அது நல்ல கருவி. எழுத்துள்ள கல்லின் அருகே அதனைக் கொண்டுசெல்லலாகாது.

இவற்றையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளாதோ என்று சிலர் எண்ணலாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களை அனுமதியின்றி மாற்றுவதையும் பழுதுபார்ப்பதையும் தடுக்கின்றது. லங்காதிலகமும் கடலாதெனியவும் போன்ற பழந்தலங்களுக்கு இவ்வரண் உண்டு. ஆனால் அச்சட்டம் தொல்பொருளென்று கொள்ளும் காலத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. அவ்வெல்லை 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள். கண்டி மகுல் மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் ஏற்பட்ட நாள் அது.

மலையகத் தமிழராகிய நமக்கு இத்தேதி தனிப்பொருளுடையது. கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியது 1820களில். தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாகக் கால்நடையாக வந்தது அதற்குப் பின்னரே. மாத்தளைக்கான புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1880இல். ஆகவே அவர்கள் நட்ட தெய்வக்கல், கட்டிய கோயிலின் உபயக்கல், கிணற்றடிக் கல், கல்லறைக் கல் ஆகிய யாவும் அவ்வெல்லைக்கு இப்பாலே கிடக்கின்றன. தனியாக அறிவித்துக் காத்தாலன்றி, அவை சட்டத்தின் கண்ணிற் பழமையுடையன ஆவதில்லை. அரசரின் கல்வெட்டுக்குக் காவலர் உண்டு. கங்காணியும் தொழிலாளரும் தம் கூலியிற் சேர்த்த காசுக்கு வெட்டுவித்த பெயர்ப்பலகைக்கு நாமே காவலர்.

அத்தகைய பலகைகளில் என்ன இருக்கும்? ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தமிழாண்டு; அவ்வளவே. ஆனால் திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்த ஒரு குடும்பம் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தது என்பதற்கு, பேரேடுகள் அழிந்தபின் அதுவே எஞ்சிய எழுத்தாக இருக்கலாம். குடமுழுக்கு நெருங்குகின்றது என்று அதன் மேல் நிறமை பூசினால் எழுத்து மறையும். தேய்ப்புத்தட்டால் மினுக்கினால் அழியும். பெயர்த்தெடுத்துப் புதுத் தரைக்கல் பதித்தால் எங்கோ கற்குவியலிற் சேரும்.

ஆதலின் ஆலய பரிபாலன சபையாருக்கும், தோட்டத்து இளைஞருக்கும், பாடசாலை ஆசிரியருக்கும் என் வேண்டுகோள் இது. எந்தக் கல்லையும் தூய்மை செய்யத் தொடங்குமுன், காலையிலோ மாலையிலோ, சாய்ந்த வெயில் படும்போது அதனைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உச்சி வெயிலில் தெரியாத எழுத்துக்கள் அந்நிழலில் எழுந்து தோன்றும். தோன்றியதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, நிழற்படமும் எடுத்து வையுங்கள். பழங்கல்லாகத் தோன்றினால் தொல்பொருளியல் திணைக்களத்தாருக்கு அறிவியுங்கள். அதன்பின் நீரும் மென்தூரிகையும் கொண்டு தொடங்குங்கள். நீருக்குப் போகாத கறையை அறிந்தவர் வரும்வரை விட்டுவையுங்கள். கறையோடு கல் நிற்பதால் தெய்வத்துக்கும் குறைவில்லை, ஊருக்கும் இழிவில்லை.

கணேசுவராசாரியின் பெயர் நமக்குத் தெரிவது அதனைப் பொறித்து வைத்தவர்களால் மட்டுமன்று. அறுநூற்றெண்பது ஆண்டுக்காலம் அவ்வழியே சென்ற எத்தனையோ பேர் அதனைச் சுரண்டாமல் விட்டதனாலும் தெரிகின்றது. அவர்களுள் ஒருவர் பெயரும் நாம் அறியோம். நம் தோட்டத்துக் கோயிற் படிக்கும் அத்தகையோர் வேண்டும்.